118 கிலோவில் எவ்வளவு குறையும்? பினாங்கு எடைக் கிளினிக் நாட்குறிப்பு

6 ஜனவரி 2025, திங்கள்

புத்தாண்டின் முதல் கிளினிக். இரைப்பை அறுவைக்குப் பெயர் கொடுத்தவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "மிஸ்ஸி, எத்தனை கிலோ எறங்கும்?" பதில் சொல்லுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். பாதிப் பேர் "60 விழுக்காடு குறையுமாம்" என்று எங்கோ கேட்டுவிட்டு வருகிறார்கள். 118 கிலோ எடையுள்ளவர் இதற்கு மனக்கணக்குப் போட்டால் 71 கிலோ போய் மிச்சம் 47 என்று வரும். அந்த 60 விழுக்காடு கூடுதல் எடையில்தான், மொத்த எடையில் கிடையாது.

உதாரணத்துக்கு உயரம் 160 செ.மீ., எடை 118 கிலோ, பி.எம்.ஐ. (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 46 என்று வைத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. 25-ஐ அளவாக எடுத்தால் இந்த உயரத்துக்கு 64 கிலோ. கூடுதல் 54 கிலோ. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் அறுவையில் ஓராண்டில் மொத்த எடையில் கால் பங்கு போவது வழக்கமான கணக்கு, அதாவது 29.5 கிலோ. 54-இல் அது 55 விழுக்காடு. ஆசியர்களுக்கென்று 23-ஐ அளவாக வைத்தால் கூடுதல் எடை 59 கிலோ ஆகி, அதே 29.5 கிலோ 50 விழுக்காடாக இறங்கிவிடும். உடம்பு ஒன்று, குறைந்த கிலோ ஒன்று, எண் மட்டும் 25, 50, 55 என்று மூன்று. விளம்பரத்துக்குப் பெரிய எண்தான் பிடிக்கும். எங்கள் அட்டையில் மொத்த எடையின் விழுக்காட்டைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை.

ஆக 118 என்பது 88.5 ஆகும், பி.எம்.ஐ. 34-ஐத் தாண்டி நிற்கும். முகம் வாடுவது இந்த இடத்தில்தான். மலேசிய அளவுகோலில் 27.5-க்கு மேல் எல்லாமே உடல் பருமன். ஆக, வெற்றிகரமாக முடிந்த அறுவைக்குப் பிறகும் அட்டவணை அவரைப் பருமன் வரிசையிலேயே வைத்திருக்கும். இனிப்புநீர், ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு, முழங்கால் வலி எல்லாம் இந்த எடையிலேயே நன்றாகத் தணியக்கூடியவை. இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுவது மேல். ஓராண்டு கழித்துத் தெரிந்தால் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

9 ஜனவரி, வியாழன்

திங்கட்கிழமைக் கணக்குக்கு ஒரு திருத்தம்: ஒற்றை எண்ணைச் சொல்லி அனுப்பக்கூடாது. ஸ்லீவில் 20 முதல் 30 விழுக்காடு என்று இடைவெளி விட்டுச் சொன்னால் நம் 118-க்கு ஓராண்டில் 94 முதல் 83 கிலோ. இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் சராசரியாக 30 விழுக்காட்டை ஒட்டி வரும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் குறைவாகவே இறங்கும். அதிக எடையில் தொடங்குபவருக்குக் கிலோ அதிகம் குறையும், ஆனால் முடிவு எடையும் அதிகமாகவே இருக்கும்.

இன்னொன்று, தொடக்க எடை எது? அறுவைக்கு முன் 2 வாரம் ஈரலைச் சுருக்குவதற்கான குறைந்த கலோரி உணவு கொடுக்கிறோம். அதிலேயே 3, 4 கிலோ இறங்கிவிடும். அதற்கு முந்தைய எடையில் தொடங்கினால் ஒரு விழுக்காடு, அறுவை நாளின் எடையில் தொடங்கினால் வேறொன்று. உறவுக்காரர் எடையோடு ஒப்பிட்டுச் சண்டை போடுமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

14 ஜனவரி, செவ்வாய். பொங்கல்

சர்க்கரைப் பொங்கல் சாப்பிடலாமா என்று காலையிலிருந்து குறுஞ்செய்தி. அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகாதவர்களுக்கு வேண்டாம். ஆனவர்களுக்கு இரண்டு தேக்கரண்டி, அதுவும் முட்டையோ தாவுவோ (சோயாக் கட்டி) சாப்பிட்ட பிறகு. பைபாஸ் செய்தவர்கள் அதையும் யோசித்துத்தான் தொட வேண்டும்: இனிப்பு நேராகக் குடலில் விழுந்து, சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம்.

முதல் 2 வாரம் நீராகாரம், அடுத்த 2 வாரம் மசித்தது, பிறகு மென்மையானது, 6 முதல் 8 வாரத்தில் வழக்கமான உணவு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவக் குழாய், 100 முதல் 150 மில்லி கொள்ளும். அதற்குள் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதத்தை நுழைக்க வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், தாவு 100 கிராமில் 8, வேகவைத்த பருப்பு அரைக் கோப்பையில் 9, கெம்போங் மீன் 100 கிராமில் 20-ஐ ஒட்டி. கூட்டிப் பார்த்தால் முதல் மாதத்தில் புரதப் பொடி ஏன் கொடுக்கிறோம் என்று புரியும். தட்டில் புரதம் முதலில், காய் அடுத்து, சோறு இடம் இருந்தால்.

22 ஜனவரி, புதன்

அறுவை முடிந்து மூன்றாவது வாரம் வந்தால் கிளினிக் போன் ஓயாது. "பத்து நாளா முள்ளு நகரல, மிஸ்ஸி. தையல் விட்டுப்போச்சா?"

தையல் விடவில்லை. முதல் வாரங்களில் உடம்பு முதலில் செலவழிப்பது தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்தை, ஏறக்குறைய அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது நீரும் சேர்ந்து போய் எடை கடகடவென்று இறங்கும். பிறகு மசித்த உணவு உள்ளே வந்ததும் அந்தச் சேமிப்பு கொஞ்சம் திரும்பும், நீரும் கூடவே திரும்பும். கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும் வந்த நீர் அதை ஈடுகட்டிவிடுவதால் தராசு அசைவதில்லை. மாதவிலக்கு நெருங்கும் வாரத்திலும் இதே கதைதான்.

செய்யக்கூடாதது: சாப்பாட்டை இன்னும் குறைப்பது. ஏற்கெனவே 500, 600 கலோரியில் இருப்பவர் இன்னும் குறைத்தால் போவது தசை. செய்ய வேண்டியது: வாரம் ஒரே நாள், ஒரே தராசு, காலையில் கழிப்பறைக்குப் போய்வந்து வெறும் வயிற்றில் எடை பார்ப்பது, மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து இடுப்பை அளப்பது. தராசு நின்ற வாரங்களில் நாடா இறங்கியிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

வேகமும் தானாகக் குறையும். நம் 118-க்கு முதல் மாதம் 9, 10 கிலோ போனால், ஒன்பதாம் மாதத்தில் மாதம் ஒரு கிலோ போனாலே நல்லது. ஓராண்டில் குறையும் எடையில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்தில் போய்விடுகிறது. 90 கிலோ உடம்பு, 118 கிலோ உடம்பு எரித்த அளவுக்கு எரிக்காது. ஆறாவது மாதத்தில் வருத்தப்படும் பலர் முதல் மாத வேகத்தைப் பன்னிரண்டால் பெருக்கியவர்கள்.

3 பிப்ரவரி, திங்கள்

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்தது. அறுவையாகி ஆறு, ஏழு மாதம் ஆனவர்களில் எடை முன்கூட்டியே நின்றவர்களின் உணவுக் குறிப்பைப் பார்த்தால் பெரும்பாலும் தட்டில் குறை இல்லை, குவளையில்தான்.

தே தாரிக் ஒன்றில் கட்டிப்பால் இரண்டு மேசைக்கரண்டி விழுந்தால் 130 கலோரி, சர்க்கரை 20 கிராமுக்கு மேல். மூன்று குவளை 390. ஆறாவது மாதத்தில் நாள் முழுக்கச் சாப்பிடுவதே 1,000 கலோரியை ஒட்டித்தான். சுருக்கிய இரைப்பை நீரைத் தடுக்காது. குழாயில் தண்ணீர் போவது மாதிரி இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வும் வராது. மாமாக் கடையில் "தே ஓ கோசோங்" (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று கேட்டுப் பழகுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போடும் நேரத்தில் அதுவும் வேண்டாம், தேநீர் இரும்பை உறிஞ்ச விடாது. கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையே 2 மணி நேரம்.

முறுக்கும் இதே வகைதான். கோழித்துண்டு இரைப்பைக் குழாயில் தங்கி "போதும்" என்று சொல்லும். முறுக்கு வாயிலேயே மாவாகிக் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும்; ஒரு தகர டப்பாவைத் தொலைக்காட்சி முன்னால் காலி பண்ணலாம், வயிறு ஒரு வார்த்தை சொல்லாது. சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தாலும் நிறைந்த உணர்வு சீக்கிரம் போய்விடும். அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் கூடாது. மற்ற நேரத்தில் சிறு மிடறாக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல்.

11 பிப்ரவரி, செவ்வாய். தைப்பூசம்

தண்ணீர்மலை முருகன் கோவிலில் 513 படி. சென்ற ஆண்டு பாதியில் உட்கார்ந்தவர் இந்த ஆண்டு ஏறி முடித்தால் அதைக் குறித்து வைக்கச் சொல்கிறோம். கிலோவைவிட நல்ல அளவுகோல் என்பது எங்கள் எண்ணம்.

விரதம் பற்றி வெளிப்படையாக: ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் முதல் ஆண்டில் ஒத்துவராது. 60 கிராம் புரதம் ஒரே வேளையில் அந்தக் குழாய்க்குள் போகாது. சைவம் இருக்கலாம், தாவு, தெம்பே (புளிக்கவைத்த சோயா), பருப்பு, முட்டை சேர்ப்பவர்களுக்கு முட்டை, பாலில் கலந்த புரதப் பொடி என்று ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். தண்ணீர்ப்பந்தலில் சர்க்கரைப் பாகு கலந்த சிராப்பை விட்டுவிட்டு மோரை வாங்குங்கள். அறுவையாகி ஆறு வாரம் ஆகாதவர்கள் காவடியோ பால்குடமோ தூக்க வேண்டாம், தழும்பு வழியே குடல் பிதுங்க வாய்ப்புண்டு.

குறைகிற எடையில் கால் பங்கு தசையாக இருக்கலாம். புரதம் மட்டும் போதாது. வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி வேண்டும், ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக்கூடச் செய்யலாம்.

20 பிப்ரவரி, வியாழன்

முடி கொட்டுவது: மூன்றாம், நான்காம் மாதத்தில் தொடங்கி சில மாதம் நீடித்து நிற்கும். வேகமாக எடை குறைந்த அதிர்ச்சிக்கு உடம்பு காட்டும் எதிர்வினை இது, வேர் சாகவில்லை. ஒன்பது மாதம் தாண்டியும் கொட்டினால் இரும்பு, துத்தநாகம், புரதம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

"நல்லா எறங்குது" என்று மகிழும் ஒரு நிலை மிக ஆபத்தானது: நாள்கணக்கில் வாந்தி, சொட்டுத் தண்ணீர் தங்காது, எடை மட்டும் வேகமாக விழும். தயாமின் என்ற பி1 உடம்பில் சில வாரத்துக்கு மேல் சேமிப்பில் இருக்காது. அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். தாமதித்தால் மூளைச் சேதம் நிரந்தரம். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி என்றால் அவசரப் பிரிவுக்குப் போய், இரைப்பை அறுவை ஆனதை முதலில் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயாமின் ஊசி போட வேண்டும்; வரிசை மாறினால் நிலை மோசமாகலாம்.

5 மார்ச், புதன்

மூன்றாம் ஆண்டு பரிசோதனைக்கு வருபவர்கள் தலைகுனிந்து வருகிறார்கள். ஆறு கிலோ கூடிவிட்டதாம்.

சுவீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வு இதற்கு நல்ல பதில். பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுக்குள் சராசரி 32 விழுக்காடு குறைந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காடு. நம் 118-க்குப் போட்டால் அடியில் 80 கிலோ, பத்தாண்டு கழித்து 88 கிலோவை ஒட்டி. எட்டு கிலோ திரும்பியது, முப்பது கிலோ திரும்பவே இல்லை. பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஆய்வில் ஐந்தாம் ஆண்டில் கூடுதல் எடையில் குறைந்தது ஸ்லீவுக்கு 49, பைபாஸுக்கு 57 விழுக்காடு, 118-க்கு 91.5 கிலோவும் 87 கிலோவும்.

இறங்கிய மிகக் குறைந்த எடை, அதாவது அடி எடை, ஒரு தங்குமிடம் இல்லை. பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் மேற்பகுதியை எடுத்தாலும் ஓராண்டை ஒட்டிப் பசி கொஞ்சம் திரும்பும். குழாயும் சற்று விரியும். அடி எடையிலிருந்து ஐந்து கிலோ கூடியதும் வரச் சொல்கிறோம், பதினைந்து கூடும்வரை வெட்கப்பட்டுக் காத்திருக்க வேண்டாம். ஐந்தில் வந்தால் குவளையையும் டப்பாவையும் திருத்தினாலே போதும். தாண்டிவிட்டால் ஊசி மருந்து, மறுபடி ஸ்கோப் (குழாய்க் கேமரா வைத்து இரைப்பையைப் பார்ப்பது) என்று செலவு நீளும்.

12 மார்ச், புதன்

தோல் தொங்குவது பற்றி ஒருவரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. முப்பது கிலோ போனால் வயிறு, மேற்கை, தொடை தொங்கும்; எந்த எண்ணெயும் பயிற்சியும் அதை இழுத்துப் பிடிக்காது. எடை நின்று ஆறு மாதமாவது ஆன பிறகு, அறுவையிலிருந்து ஒன்றரை ஆண்டை ஒட்டித்தான் தோல் அறுவை பற்றிப் பேசலாம். அதற்குமுன் செய்தால் மறுபடி தொங்கும், காயமும் மெதுவாக ஆறும். கர்ப்பத்தையும் அதே ஒன்றரை ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள்.

அதுவரை பினாங்கு வெயிலுக்கு: மடிப்புகளைக் குளித்ததும் துடைத்து உலர விடுவது, இடையில் மெல்லிய பருத்தித் துணி, சிவந்து அரித்தால் பூஞ்சைக் களிம்பு.