வெட்டிய பிறகுதான் வேலை

கோடை முழுவதும் கஞ்சாச் செடிக்குத் தண்ணீர், எரு, வெயில் என்று மாய்ந்து மாய்ந்து பார்க்கிறார்கள். அறுத்ததும் அதைக் கறிவேப்பிலைக் கொத்துபோல வெயிலில் பரப்பி, இரண்டே நாளில் போத்தலில் அடைத்துவிடுகிறார்கள். பிறகு புல் மணக்கிறது, தொண்டை எரிகிறது என்று என்னிடம் முறைப்பாடு. விதையைத் திட்டிப் பயனில்லை. நல்ல செடியையும் கெட்ட உலர்த்தல் பாழாக்கிவிடும்.

முதலில் சட்டம். நான் இருப்பது ஒன்ராறியோவில். 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது; இந்த மாகாணத்தில் வளர்ந்தவர்கள் வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. கியூபெக்கில் ஒன்றுகூடக் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று 2023 இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வாடகை வீடு, கொண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து வாசிப்பவர்களுக்கு: அங்கே இது சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். கதையாக மட்டும் வாசியுங்கள்.

பின்வளவில் வளர்வதைச் செப்டெம்பர் கடைசிக்கும் ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் இடையில் வெட்ட நேரும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், பூவின் மேல் நிற்கும் பிசின் துளிகள் முதலில் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். பிறகு பால் நிறமாகும். அங்கங்கே தேன் நிறம் தட்டத் தொடங்கியதும் கத்தரிக்கோலை எடுக்கலாம். ஆனால் இந்த ஊரில் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மழைதான். தொடர்ந்து மூன்று நாள் தூறினால், தடித்த பூக்களின் நடுவில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பூவுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் சின்ன இலை ஒன்று மட்டும் காரணமில்லாமல் பழுப்பாகியிருக்கும். அதை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல பூவென்றால் இலை பிடிவாதமாக நிற்கும். அழுகியதென்றால் எந்தத் தடையும் இல்லாமல் கையோடு வந்துவிடும். பிரித்தால் உள்ளே சாம்பல் தூளும் மண்நிறச் சதையும். அந்தப் பூவை முழுதாகக் குப்பையில் போடுங்கள். நல்ல பாதியைக் காப்பாற்றுகிறேன் என்று வெட்டிக்கொண்டிருக்கும் கஞ்சர்களோடு எனக்குப் பேச்சில்லை. பூஞ்சணத்தைப் புகைத்து நுரையீரலுக்குள் அனுப்புவது, அதுவும் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, விளையாட்டு அல்ல.

உலர்த்துவதற்கு எங்கள் நிலக்கீழ் அறை. பெரிய இலைகளை மட்டும் கழித்துவிட்டு, கிளைகளைத் தலைகீழாகக் கயிற்றில் தொங்கவிடுகிறேன். பூவை ஒட்டிய சின்ன இலைகளைத் தொடுவதில்லை; அவை சுருண்டு பூவை மூடிக்கொண்டு ஈரம் மெல்ல வெளியேற உதவும். வெப்பம் 16 முதல் 18 பாகை, காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம், முழு இருட்டு. மின்விசிறி சுவரைப் பார்த்து ஓட வேண்டும், பூவைப் பார்த்து அல்ல. ஒக்டோபரில் வீட்டுச் சூடாக்கி ஓடத் தொடங்கியதும் ஈரப்பதம் மளமளவென்று இறங்கிவிடும், அதைத்தான் கவனிக்க வேண்டும். அப்போது ஈரமூட்டியை வைக்கிறேன். மழை வாரமென்றால் ஈரமகற்றியை. பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை பிடிக்கும். பச்சைப் பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், கடைசியில் கைக்கு வருவதைப் பார்த்து மனம் உடையாதீர்கள்.

அம்மாவுக்கு இந்த வேலையே பிடிக்காது. ஆனால் அவர் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை போட்ட குடும்பம். குடிலுக்குள் இலையைத் தொங்கவிட்டு, பொச்சுமட்டையும் ஊமலும் எரித்துப் புகையூட்டிய வீட்டில் வளர்ந்தவர். எந்த இலையாக இருந்தாலும் பதம் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உள்ளே வருவார். ஒரு பூவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, உடையாமல் லேசாக அமுக்குவார். "மேலே காய்ந்ததை நம்பாதே, தம்பி. நடு நரம்பு காய்ந்ததா என்று பார்."

புகையிலையில் கடைசியாகக் காய்வது நடு நரம்பு. இங்கே அது காம்பு. மெல்லிய காம்பை வளைத்தால் 'டக்' என்று முறிய வேண்டும். நாராகத் தொங்கினால் இன்னும் நாள் இருக்கிறது. இதுவரை அம்மா சொல்வது சரி. ஆனால் அடுத்ததாக, குவித்து வைத்துச் சாக்கால் மூடச் சொல்வார். அதை நான் கேட்பதில்லை. புகையிலை குவியலில் சூடேறி வேர்த்துத்தான் பதமாகும். கஞ்சாவைக் குவித்தால் பிசின் நசுங்கி, பூஞ்சணம்தான் மிஞ்சும்.

காம்பு முறிந்தபின் இலையைக் கத்தரித்து, கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஊறுகாய்ப் போத்தலும் வேண்டாம். அதன் மூடியில் ஏறிய மணம் எத்தனை கழுவினாலும் போகாது, அம்மாவின் கோபமும் போகாது. ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் சின்ன வட்ட ஈரப்பதமானி ஒன்றைப் போட்டு, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். 70 க்கு மேல் காட்டினால் எல்லாவற்றையும் வெளியே கொட்டி மீண்டும் காயவிடுங்கள். 65 க்கு மேல் என்றால் மூடியைச் சில மணி நேரம் திறந்துவையுங்கள். 58 முதல் 62 வரை இருந்தால் சரி. முதல் இரண்டு வாரம் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் திறந்து காற்று மாற்ற வேண்டும், பிறகு வாரம் ஒருமுறை. திறக்கும்போது அமோனியா நெடி மூக்கில் அடித்தால், உள்ளே ஈரம் அதிகமாகி, காற்றில்லாமல் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே வெளியே எடுங்கள். காய்ந்து சருகானதை மீட்கத் தோடம்பழத் தோலைப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பூஞ்சணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் அது. ஈரப்பதத்தைச் சமன்செய்யும் பொட்டலங்கள் கடையில் விற்கிறார்கள். ஆனால் பறந்துபோன மணத்தை அவையும் திருப்பித் தரமாட்டா.

நான்கு முதல் எட்டு வாரத்தில் பச்சையம் சிதைந்து புல் மணம் விலகும், செடியின் சொந்த மணம் மேலே வரும். பதப்படுத்தினால் போதை கூடும் என்பது வெறும் பேச்சு. போத்தலில் இருக்க இருக்க, போதை தரும் பொருளான டிஎச்சி மெல்ல, போதை குறைந்த சிபிஎன் என்ற பொருளாக மாறிக் குறையத்தான் செய்யும். வெளிச்சமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். ஆகவே இருட்டான அலுமாரி, அதற்கொரு பூட்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டைப் பற்றி விவாதமே கிடையாது.

வீட்டில் எவ்வளவு வைத்திருந்தாலும், பொது இடத்தில் கையில் 30 கிராம் உலர்ந்த கஞ்சாவுக்கு மேல் இருக்கக் கூடாது. விற்கவே கூடாது. நியூயோர்க்கிலும் சட்டபூர்வம்தானே என்று பஃபலோவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள், எல்லையில் இருப்பது அமெரிக்க மத்திய அரசின் அதிகாரிகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.