காவி என்னும் சொல்

முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கத் தொடங்கிய ஆண்டுகளில், பருமனும் திசையும் உடைய கணியமே காவி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நேரே கணக்குகளுக்குச் சென்றுவிடுவேன். ஒருநாள் உயிரியற் பிரிவு மாணவி ஒருத்தி, "சேர், நுளம்பையும் நோய்க்காவி எண்டுதானே படிக்கிறம், இதுவும் அதுவும் ஒண்டோ?" என்று கேட்டாள். இரண்டும் வேறு என்று சொல்லி மேலே சென்றேன். அந்தப் பதில் பிழையானது என்பது நெடுநாள் என்னை உறுத்தியது.

காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். தண்ணீர் காவுகிறோம், விறகு காவுகிறோம். காவடியிலும் இருப்பது அதே வினைதான். காவிக்கு ஆங்கிலத்தார் எடுத்துக்கொண்ட vector என்ற இலத்தீன் சொல்லுக்கும் சுமந்து செல்வோன் என்பதே பொருள். சூரியனையும் கோளையும் இணைக்கும் கோட்டை, கோளைக் காவிச் சுற்றுவதாகக் கருதி, வானியலாளர் ஆரைக்காவி என்றனர். 1840களில் அயர்லாந்துக் கணிதவியலாளர் ஹமில்ற்றன் அச்சொல்லைக் கணிதத்தில் விரித்தார். இடப்பெயர்ச்சி ஒரு புள்ளியை மற்றொரு புள்ளிக்குக் காவுகிறது. பற்றீரியாவிலுள்ள சிறு டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட் அந்நிய டி.என்.ஏ. துண்டைக் கலத்தினுள் காவுகிறது. நுளம்பு மலேரியாக் கிருமியைக் காவுகிறது. தமிழ்நாட்டில் வழங்கும் திசையன் என்ற சொல் திசையைத் தெளிவாகக் காட்டினாலும் நுளம்புக்குப் பொருந்தாது. எங்கள் சொல் எல்லாவற்றுக்கும் பொருந்துவதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

மலேரியாவை அறிந்த மண் வன்னி. ஆற்றுப்படுகைக் குட்டைகளில் பெருகும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்பே இலங்கையில் அதன் முதன்மைக் காவி. 2012 ஒக்ரோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று பதிவாகாத நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் நுளம்பு இன்னும் இருக்கிறது. காவுவதற்குக் கிருமிதான் இல்லை.

இப்போது காவிக் கூட்டலை ஒரு வாளித் தண்ணீரோடு தொடங்குகிறேன். வாளியின் பிடியில் இரண்டு கயிறுகளைக் கட்டி, இரு மாணவரை அதைத் தூக்கியபடி மெல்ல விலகி நிற்கச் சொல்வேன். கயிறுகள் விரிய விரியச் சுமை கூடுவதைக் கை முதலில் உணர்கிறது. இடைக்கோணம் 120 பாகை ஆகும்போது, ஒவ்வொருவரும் வாளியின் முழு நிறைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டியிருக்கும். இணைகர விதியை அதன் பின்பே வரைகிறேன். பருமனும் திசையும் இருந்தும் மின்னோட்டம் ஏன் காவியாகாது என்பதும் அப்போது அவர்களுக்கு விளங்கிவிடுகிறது: ஒரு சந்திக்கு 3 அம்பியரும் 4 அம்பியரும் வந்து சேர்ந்தால், கம்பிகள் எந்தக் கோணத்தில் இணைந்திருந்தாலும் 7 அம்பியரே வெளியேறும்.