மொரோக்கோவில் பதினொரு பேரும் ஒரு வானும்

மொரோக்கோவின் தென்கிழக்கில், எர்ஃபூட் நகரைக் கடந்து மேற்கே செல்லும் வீதியோரத்தில், யாரோ நூல் பிடித்துப் புற்றுகளை நட்டு வைத்ததுபோல் மண்மேடுகள் வரிசையாக நீண்டு செல்வதைக் கண்டதும், வானைச் சற்று நிறுத்த முடியுமா என்று முன் இருக்கையில் இருந்த வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சாரதியிடம் ஒரு சொல் சொன்னார், வான் நின்றது. அன்றைய பயணத் திட்டத்தில் அந்த இடம் இல்லை. தொட்ரா மலையிடுக்கில் மதிய உணவோடு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஆயினும் அங்கே நாற்பது நிமிடம் நின்றோம். பன்னிரண்டு நாள் பயணத்துக்கு ஏன் அவ்வளவு பணம் கொடுத்தாய் என்று கேட்பவர்களிடம் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் முதலில் சொல்கிறேன்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் திருகோணமலையில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அற்லஸ் மலைத்தொடரையும், மழை மேகங்கள் அதைத் தாண்ட முடியாமற் போக மறுபுறம் நிலம் வறண்டு சகாராவாக விரிவதையும் எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் என் தங்கச்சி, "அக்கா, படம் கீறினது போதும், போய்ப் பாப்பம்" என்று சொல்லி 2024 ஒக்டோபருக்குப் பயணத்தைப் பதிந்துவிட்டாள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காத சிறுகுழுப் பயணம் அது. எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர், ஒரு வான், ஒரு சாரதி, தொடக்கம் முதல் முடிவு வரை உடன் வரும் வழிகாட்டி ஒருவர். பழைய நகரங்களில் மட்டும் அந்தந்த நகரத்து வழிகாட்டியும் சேர்ந்துகொள்வார். கொழும்பிலிருந்து வளைகுடா வழியாகக் கசபிளாங்கா, அங்கிருந்து ரபாத், வொலுபிலிஸ், ஃபெஸ், பாலைவனம், மலை, மராக்கேஷ், எஸ்ஸௌய்ரா, மீண்டும் கசபிளாங்கா என்று வட்டமாகச் சுற்றி வந்தோம்.

திருகோணமலையில் பிறந்தவர்கள், பிறர் வந்து பார்க்கும் ஊரில் வளர்ந்தவர்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலில் பெரிய பஸ்கள் வந்து நிற்பதும், ஐம்பது பேர் இறங்கி மான்களோடு படம் எடுத்துக்கொண்டு, கோணேசர் கோயிலுக்கு மூச்சிரைக்க ஏறி, இராவணன் வெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் புறப்படுவதும் சிறுவயது முதல் நான் கண்டு பழகிய காட்சிகள். கரைவலை இழுப்பவர்களை ஒரு வார்த்தை கேளாமல் படம் பிடித்துச் செல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள்மீது எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஆனால் எங்கள் ஊரை அவர்கள் கண்டார்களா என்ற கேள்வி எப்போதும் இருந்தது. இப்போது நானே அப்படி ஒருத்தியாக இன்னொருவர் ஊருக்குப் போகிறேன் என்ற எண்ணம் கசபிளாங்காவில் இறங்கியது முதல் என்னோடு வந்தது.

முதல் நாட்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 1993 இல் கட்டி முடிக்கப்பட்ட இரண்டாம் ஹஸன் பள்ளிவாசல் கசபிளாங்காவில் அத்திலாந்திக் கரையில், ஒரு பகுதி கடலின் மேலேயே அமைய, பிரமாண்டமாக நிற்கிறது. முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே செல்லக்கூடிய மிகச் சில மொரோக்கோப் பள்ளிவாசல்களில் அது ஒன்று. வொலுபிலிஸில் உரோமர் விட்டுச் சென்ற தூண்களையும், வெட்ட வெளியில் இன்றும் கிடக்கும் தரைச் சித்திரங்களையும் கண்டோம்.

ஃபெஸ் வேறு. மோட்டார் வாகனம் நுழைய முடியாத அதன் பழைய நகரில், கோவேறு கழுதைகள் சுமையோடு வரும்போது "பாலக், பாலக்" என்று குரல் கேட்கும். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். ஐம்பது பேர் கொண்ட குழு அந்தச் சந்துகளில் என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்தேன். முன்னால் நிற்பவருக்கு மட்டுமே வழிகாட்டியின் குரல் கேட்கும். ஊர்க்காரர்களுக்கோ நடக்க வழியிராது. பதினொரு பேர் ஒரு வீட்டுத் திண்ணையளவு இடத்தில் ஒதுங்கி நின்றுவிடலாம். அங்கே பிறந்து வளர்ந்த நகர வழிகாட்டி, எங்களை முதலில் எந்த நினைவுச்சின்னத்துக்கும் அழைத்துச் செல்லவில்லை. ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு பள்ளிவாசல், ஒரு பள்ளிக்கூடம், ஒரு நீர்த்தொட்டி, ஒரு குளியலகம், ஒரு பொது அடுப்பு என ஐந்தும் இருக்கும் என்று சொல்லி, அந்த ஐந்தையும் தன் குறிச்சியிலேயே காட்டினார். வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் துணியால் மூடி ஒரு சிறுவன் தலையில் சுமந்து வந்தான். அந்தப் பொது அடுப்பை அவர்கள் ஃபெர்ரான் என்கிறார்கள். நாம் பாண் சுடும் இடத்தைப் போறணை என்கிறோமே, அந்தச் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. இரண்டும் இலத்தீனின் அடுப்புச் சொல்லோடு உறவுடையவை. தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது அவள் அந்த வாசலைவிட்டு நகர மறுத்துவிட்டாள்.

859 இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் நிறுவியதாகப் போற்றப்படும் கரவிய்யீன் பள்ளிவாசலை வாசலில் நின்றுதான் பார்க்க முடிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை; வழிபாட்டிடத்துக்கு ஒரு வரம்பு இருப்பது கோயிலடியில் வளர்ந்தவளுக்குப் புதிதல்ல. அங்கிருந்து பூ இனானியா மத்ரசாவின் முற்றத்துக்குச் சென்றோம். அதைக் கட்டுவித்த சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படிதான் இப்னு பதூதா தம் பயணக் கதையை எழுத்தாளர் ஒருவருக்குச் சொல்லி எழுதுவித்தார். 1304 இல் தாஞ்சியரில் பிறந்த அவர், 1344 இல் புத்தளத்தில் இறங்கி, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவர் தந்த பல்லக்கோடும் துணையாட்களோடும் சிவனொளிபாதமலைக்குச் சென்றவர். அந்தத் துணையில் நான்கு யோகிகளும் மூன்று பிராமணரும் இருந்தார்கள். நான் எங்கிருந்து வந்தவள் என்பதை அறிந்திருந்த வழிகாட்டி, "இதை நீங்களே குழுவுக்குச் சொல்லுங்கள், லல்லா" என்று என்னை முன்னால் நிறுத்தினார். லல்லா என்பது அங்கே பெண்களை மரியாதையோடு அழைக்கும் சொல். ஒரு தமிழ் அரசன் வழித்துணை கொடுத்து அனுப்பிய மனிதர் தம் கதையைச் சொல்லி முடித்த நகரத்தில் நின்று, கனடாக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் அதை எடுத்துச் சொன்னபோது என் குரல் தழுதழுத்தது.

அதே நகரத்தில்தான் எனக்குப் பிடிக்காதவையும் நடந்தன. ஷுவாரா தோல் பதனிடும் களத்தைத் தோற்பொருட் கடைகளின் மாடிகளில் நின்று பார்க்க வேண்டும். நாற்றம் தாங்குவதற்காகக் கையில் புதினாக் கொத்து ஒன்று தருவார்கள். சுண்ணாம்பும் புறாவெச்சமும் கலந்த தொட்டிகளில் தொடையளவு நீரில் நின்று தோலை மிதிப்பவர்களை மேலிருந்து குனிந்து பார்ப்பது எனக்கு ஒவ்வவில்லை. கரைவலைக்காரரின் நினைவு வந்தது. கமராவை வெளியே எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எங்களைக் கம்பளக் கடை ஒன்றில் ஒன்றரை மணி நேரம் அமர்த்தினார்கள். கம்பளங்கள் அழகானவை, கொடுத்த தேநீரும் நல்லது. ஆனால் பயண ஏற்பாட்டாளர்களுக்கும் கடைக்கும் இடையிலான தரகு அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் இருந்தது என்பதை அறிய மாத்தளைச் சுவையூட்டித் தோட்டங்களையும் கண்டி மாணிக்கக் கடைகளையும் கண்ட இலங்கையருக்கு அதிக நேரம் தேவையில்லை. சிறுகுழு என்பதால் இது நடக்காது என்று நம்பிவிட வேண்டாம். பதிவதற்கு முன்பே எத்தனை கடைகளில் நிறுத்துவீர்கள் என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை உணவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் வெள்ளி மரக்கறி நாள். மொரோக்கோவில் வெள்ளிக்கிழமை ஏழு மரக்கறிகளோடு குஸ்குஸ் சமைப்பது வழக்கம். பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் அவிப்பார்கள். முந்திய நாளே சொல்லி வைத்ததால் பூசணியும் கரட்டும் கோவாவும் கடலையுமாக எங்களுக்குத் தனியே வந்தது. நான் கையால் சாப்பிட்டதைப் பார்த்துப் பரிமாறிய அம்மாவுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஃபெஸ்ஸிலிருந்து தெற்கே ஒரு முழு நாள் ஓட்டம். கேதுரு மரக் காடுகளைத் தாண்டி, நடு அற்லஸைக் கடந்து, ஸிஸ் பள்ளத்தாக்கின் விளிம்பில் வான் நின்றபோது, செந்நிற மலைகளுக்கு நடுவே பேரீச்ச மரங்கள் பச்சை ஆறாக ஓடுவதைக் கண்டேன். நான் வரைந்த படங்கள் ஒன்றிலும் அந்தப் பச்சை இருந்ததில்லை. மெர்ஸூகாவில் ஏறத்தாழ 150 மீற்றர் வரை உயரும் மணற்குன்றுகளின் அடியில் நீர் நின்றது. பல ஆண்டு வறட்சிக்குப் பின், 2024 செப்டெம்பரில் அந்தப் பகுதியில் பெய்த பெருமழை, அரை நூற்றாண்டாக வறண்டு கிடந்த இரிக்கி ஏரியைக்கூட நிரப்பியிருந்தது. பாலைவனத்தைப் பார்க்க வந்து மணற்குன்று நீரில் நிழலாடுவதைக் கண்ட எங்கள் குழுவில் சிலர் அதை அதிர்ஷ்டம் என்றார்கள். அந்த மழை உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனதையும், அதே மழைக்காக விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததையும் வழிகாட்டி ஒரே மூச்சில் சொன்னார். மாரி மழையை வேண்டிக்கொண்டே வெள்ளத்துக்கு அஞ்சும் கிழக்கு மாகாணத்தாருக்கு அந்த இரண்டும் ஒன்றாக வருவது விளங்கும்.

மறுநாள்தான் அந்த மண்மேடுகள். அவற்றைக் கெத்தாரா என்கிறார்கள். மலையடிவாரத்தில் நிலத்தடி நீரைக் கண்டு, அங்கிருந்து மிகச் சிறிய சரிவில் நிலத்துக்கடியில் வாய்க்கால் குடைந்து, பம்பியோ ஏற்றமோ இன்றி நீர் தானாகவே கிராமத்துக்கு ஓடிவரச் செய்வார்கள். வெயிலில் நீர் ஆவியாகாது. தோண்டவும் தூர் வாரவும் இடையிடையே செங்குத்தாகக் குழிகள் இறக்கி, தோண்டிய மண்ணை வாய்ப்புறத்தில் குவித்ததால் உண்டானவையே மேடுகள். ஒரு குழிக்குள் படி இறங்கிப் போனோம். குளிர்ந்த இருட்டு, அடியில் வறண்ட வாய்க்கால். மோட்டார் பம்பிகள் நிலத்தடி நீரை இழுத்துக்கொண்டதால் இவற்றில் பல வற்றிவிட்டன.

நீரை எப்படிப் பங்கிட்டார்கள் என்று கேட்டேன். அளவால் அல்ல, நேரத்தால் என்றார் வழிகாட்டி. வாய்க்காலைத் தோண்ட எந்தக் குடும்பம் எவ்வளவு உழைத்ததோ அதற்கேற்ப இத்தனை மணி நேரம் என்று முறை; அந்த முறை பிள்ளைகளுக்கும் சேரும். தம்பலகாமத்தில் அப்பாவுக்கு வயல் இருந்தது. கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியே வரும்போது, நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை முறை சொல்ல, நடுச்சாமத்தில் இலாம்போடு அப்பா புறப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அதை அவரிடம் சொன்னேன். தம் பாட்டனாரும் இரவு முறைக்குப் போனவர் என்று அவர் சொன்னார். அந்த உரையாடல் ஒலிபெருக்கி பிடித்த பஸ்ஸில் நடந்திருக்காது. அந்த ஊர்களோடு உறவில்லாத வழிகாட்டியோடும் நடந்திருக்காது. குழு சிறிதாயிருப்பது பாதிதான். அதை அழைத்துச் செல்பவர் அந்த மண்ணில் முறைத் தண்ணீருக்குப் போனவரின் பேரனாக இருந்தது மற்றப் பாதி.

அவர் தொட்ராவுக்கு அருகிலுள்ள அமாஸிக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். பேர்பர் என்று பிறர் அழைக்கும் மக்களே அமாஸிக். அரசாங்கக் கட்டடங்களின் பெயர்ப்பலகைகளில் அரபுக்கும் பிரெஞ்சுக்கும் இடையே வட்டமும் கோடுமாக மூன்றாவது எழுத்துமுறை ஒன்று இருப்பதை ரபாத்திலேயே கவனித்திருந்தேன். அது அமாஸிக் மக்களின் எழுத்தான திஃபினாக். அவர்களுடைய தமாஸிக்த் மொழி 2011 அரசியலமைப்பில்தான் உத்தியோகபூர்வ மொழியானது. அவர் படித்த காலத்தில் வீட்டு மொழி வகுப்புக்குள் வந்ததே இல்லையாம். தமிழ் 1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தால் அரசகரும மொழியானதையும், இன்றும் தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் வராத அலுவலகங்கள் இருப்பதையும் நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

2,260 மீற்றர் உயரத்தில் உள்ள திஸி-ன்-திஷ்கா கணவாயைக் கடந்து மராக்கேஷ் இறங்கும் வழியில், வான் ஒரு கிராமத்தை நெருங்கியபோது கமராக்களைக் கீழே வைக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். 2023 செப்டெம்பர் 8 இரவு ஏற்பட்ட 6.8 அளவு நிலநடுக்கத்தில் அந்த மலைகளில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இறந்தார்கள். ஓராண்டு கடந்தும் கூடாரங்களில் இருந்தவர்கள் உண்டு. 2004 மார்கழியில் கடல் வந்து போன பிறகு எங்கள் கரையோரத்தில் உடைந்த வீடுகளைப் படமெடுக்க வந்தவர்களை நான் மறக்கவில்லை. அவர் கேட்டிராவிட்டாலும் நான் எடுத்திருக்க மாட்டேன்; ஆனால் அவர் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மராக்கேஷின் சந்தைச் சதுக்கத்தையும் எஸ்ஸௌய்ராவின் நீலப் படகுகளையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். துறைமுகத்தில் வளர்ந்த எனக்கு அந்த மீன் வாடை மட்டும் வீட்டை நினைவூட்டியது.

கடைசி நாள் காலை கசபிளாங்கா விடுதியில் அவர் ஒரு குறிப்புப் புத்தகத்தை நீட்டி, என் ஊரின் பெயரை என் எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதினேன். அதன் கீழே திஃபினாக்கில் ஒவ்வோர் ஒலியாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். எண்ணிப் பார்த்தால் அவருடையது பதின்மூன்று எழுத்து, என்னுடையது ஆறு. ஆறுக்குள் எப்படி அடங்கியது என்று வியந்தார். மெய்யோடு உயிர் சேர்ந்து ஒரே எழுத்தாகிவிடும் என்று சொல்லி, விமான நிலையத்துக்கு வான் புறப்படும்வரை அந்தப் பக்கத்தில் க, கா, கி, கீ என்று வரிசையாக எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன்.