ஒரு ஃபுளூட், இரண்டு தாளக்காரர்கள், ஒரு தேர்வு

முதுகலை இசைப் படிப்பில் சேம்பர் இசைத் தேர்வு, அதாவது சிலரே சேர்ந்து வாசிக்கும் சிறு குழு இசைத் தேர்வு, வந்தால் வயலின்காரர்களும் பியானோக்காரர்களும் ஒரே நாளில் குழு சேர்த்துவிடுவார்கள். தாளவாத்தியம் படித்த எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நானும் என் வகுப்புத் தோழனும் ஒரு ஃபுளூட் மாணவியைக் கெஞ்சிச் சேர்த்துக்கொண்டோம். அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசன் 1939இல், தன் இருபதுகளின் தொடக்க வயதில், ஃபுளூட்டுக்கும் தாளவாத்தியங்களுக்கும் எழுதிய முதல் கான்செர்ட்டோவை எடுத்தோம். கான்செர்ட்டோ என்றால் வழக்கமாக ஒரு தனி வாத்தியமும் பெரிய இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது. மூன்றே பேர், மூன்று பகுதிகள், பத்து நிமிட அளவு. ‘இவ்வளவுதானா’ என்று அலட்சியமாகத் தொடங்கினோம். இதையோ இது போன்ற ஒன்றையோ எடுக்கப்போகிறவர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

முதலில் நிற்கும் இடத்தைத் தீர்மானியுங்கள். ஃபுளூட்காரி முன்னால், நாங்கள் இருவரும் பின்னால் என்று, மேடையில் பார்க்க அழகாக இருக்கும்படி நின்றோம். மூன்று வாரம் கழித்தும் முதல் பகுதியின் தொடக்கம் ஒன்றாக விழவில்லை. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்தும் பயனில்லை. கடைசியில்தான் புரிந்தது: நடத்துநர் இல்லாத குழுவில் ஃபுளூட்காரி மூச்சிழுப்பதே எங்களுக்கு எடுப்பு. அந்த மூச்சு எவ்வளவு வேகமாக உள்ளே போகிறதோ அதுதான் வரப்போகும் காலப்பிரமாணம். எங்களுக்குத் தெரிந்ததோ அவள் முதுகு மட்டும். அவளைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி, தோள் ஏறுவது இருவருக்கும் தெரியும்படி செய்தோம். அன்றைக்கே தொடக்கம் சேர்ந்துவிட்டது. பிறகு எங்கள் இசைக்குறிப்பில் அவள் மூச்செடுக்கும் இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டோம்.

அடுத்தது ஒலி அளவு. ஃபுளூட்டின் கீழ் ஸ்தாயி மென்மையானது. ஊதுகிறவர் எவ்வளவு முயன்றாலும் ஓர் அளவுக்கு மேல் எழும்பாது. கடினமான குச்சியால் ஒரு தட்டுத் தட்டினால் அது மூழ்கிப்போகும். வாசிக்கிற இடத்திலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கைப்பேசியை அரங்கின் கடைசி வரிசையில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். எங்களுக்கு அந்தப் பதிவு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. சிறுவயதில் மிருதங்கம் கற்றவன் நான். ஓய்வு வரும் இடங்களில் கை தானாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மெதுவான இரண்டாம் பகுதியில் ஃபுளூட் தனித்து உருகும்போது ‘தப், தப்’ என்று கால்சட்டைச் சத்தம்! அதன் பின் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தொட்டே எண்ணினேன்.

குச்சி மாற்றும் சத்தமும் அப்படித்தான். குச்சிகளை வெறும் மேசையில் வைக்காதீர்கள். தடித்த துண்டு ஒன்றை விரித்து அதன்மேல், எடுக்கப்போகும் வரிசையிலேயே அடுக்குங்கள். வாத்தியங்கள் நிற்கும் இடங்களைத் தாளில் வரைந்து, ஸ்டாண்டுகளின் உயரத்தையும் ஒட்டுநாடாவால் குறித்து வையுங்கள். தேர்வு அரங்கில் எங்களுக்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்தார்கள்.

அரங்கு குளிராக இருந்தால் ஃபுளூட்டின் சுருதி இறங்கும். துணைக்குப் பியானோ இல்லாததால் சுருதி பிசகு மறையாது. வெளியே காத்திருக்கும்போது அவள் சத்தமில்லாமல் குழலுக்குள் வெதுவெதுப்பான மூச்சை விட்டுக்கொண்டே இருந்தாள்.

வாசிப்பு நன்றாகவே போனது. வாய்மொழிக் கேள்விகளில்தான் நான் சறுக்கினேன். ‘மூன்று பேர் வாசிப்பது எப்படிக் கான்செர்ட்டோ ஆகும்?’ என்று கேட்டார்கள். இசைக்குழுவின் இடத்தில் இரண்டு தாளக்காரர்கள் இருக்கிறார்கள், தனி வாத்தியம் ஃபுளூட்தான் என்றேன், ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தைரியத்தில் கேட்காததையும் சொன்னேன்: ஹாரிசன் ஜாவாவின் கமெலான் என்னும் வெண்கல வாத்தியக் குழு இசையை முறையாகக் கற்ற பிறகு எழுதியது இது என்று. அது தவறு. அவர் அதை ஓர் ஆசிரியரிடம் முறைப்படி கற்றது 1970களில். 1939இல் அவருடைய உலகம் வேறு: இசையமைப்பாளர் ஹென்ரி கவலின் பாடங்கள், இன்னொரு இளம் இசையமைப்பாளரான ஜான் கேஜுடனான நட்பு. அதற்குப் பின் ஹாரிசனும் கேஜும் பழைய இரும்புக் கடைகளில் கார் பிரேக் டிரம்களைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கி, சான்பிரான்சிஸ்கோவில் தாளவாத்தியக் கச்சேரிகள் நடத்தினார்கள். இருவரும் சேர்ந்து ‘டபுள் மியூசிக்’ என்ற தாளவாத்தியப் படைப்பை எழுதியது 1941இல். இந்த ஆண்டுகளை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். இசையமைப்பாளர் வரேஸ் தாளவாத்தியக் குழுவுக்கு எழுதிய ‘அயனைசேஷன்’ 1931இல் முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்பிடச் சொல்வார்கள்.

எனக்கு மதிப்பெண் குறைந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான். ஃபுளூட்காரியிடம் வரலாறே கேட்கவில்லை; அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ‘ஜாவா எப்படி இருக்கிறது?’ என்று விசாரிக்கிறாள்.