பாராசிட்டமால் பாட்டிலில் முதலில் படிக்க வேண்டிய வரி

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் "எத்தனை மி.லி. கொடுக்கணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கையில் இருப்பது எந்த பாட்டில் என்று தெரியாமல் அதற்குப் பதிலே கிடையாது.

மருந்துக் கடைகளில் பாராசிட்டமால் பொதுவாக மூன்று வீரியத்தில் கிடைக்கிறது. 5 மி.லி.யில் 125 மி.கி. (சிலவற்றில் 120) உள்ள சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப், கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ். டிராப்ஸ் பாட்டில் சின்னது, அதனால் லேசான மருந்து என்று நினைத்துவிடுகிறார்கள். அதுதான் மூன்றிலும் வீரியமானது: பெரும்பாலும் 1 மி.லி.யிலேயே 100 மி.கி., அதாவது 125 சிரப்பைப்போல நான்கு மடங்கு.

ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு மருத்துவர் 150 மி.கி. எழுதினால், 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி., டிராப்ஸில் ஒன்றரை மி.லி. போன தடவை கொடுத்த அந்த 6 மி.லி.யை நினைவில் வைத்து டிராப்ஸை ஊற்றினால், நாள் முழுக்கக் கொடுக்கக்கூடிய 600 மி.கி.யும் ஒரே வேளையில் உள்ளே போய்விடும். இதே தவறு அடுத்தடுத்த வேளைகளிலும் தொடர்ந்தால் கல்லீரல் கெடும். சளி சிரப் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் இரட்டை டோஸ்தான். வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி நேரம், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

அளக்க சமையலறை ஸ்பூன் கூடாது. ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. ஊசியில்லாத சிரிஞ்சுதான் நம்பகமானது. உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் மருந்து குறையும், அதை வெளியேற்றிவிட்டு அளவுக்கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். குழந்தையைப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, சங்கில் ஊற்றும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள், புரையேறி மருந்து நுரையீரலுக்குள் போகும். தலையை நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்க விழுங்கக் கொடுங்கள். பால் பாட்டிலில் கலந்தால், பாலை மிச்சம் வைக்கும்போது மருந்தும் மிச்சமாகிவிடும்.

பாட்டிலில் சஸ்பென்ஷன் (மருந்துத் துகள்கள் கரையாமல் மிதக்கும் திரவம்) என்று போட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் குலுக்கியே ஆக வேண்டும். மருந்து அடியில் படிவதால், குலுக்காத பாட்டிலில் முதல் வேளைகள் நீர்த்தும் கடைசி வேளைகள் வீரியமாகவும் இருக்கும்.

ஆன்டிபயாடிக் ட்ரை சிரப், அதாவது பொடியாக வரும் மருந்து என்றால், அதில் கலக்கக் கொதித்து ஆறிய தண்ணீர். முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடு வரை நிரப்புங்கள். நுரையோடு அளந்தால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். கலந்த தேதியை பாட்டில்மேலேயே எழுதுங்கள். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து 7 நாள். அதற்குமேல் மிச்சமிருப்பதை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைக்காதீர்கள்.