பீடத்துக்குக் கல்

பிப்ரவரி 3
வலது கையில் மூன்று விரல் மரத்துப்போய் எழுந்தேன். உதறிப் பார்த்தேன். மதியம்வரை சரியாகவில்லை.

பிப்ரவரி 4
சபைப் பீடத்துக்கு முன்னால் தரையில் போடும் சிமெண்ட் கல்லுக்கு நீலம் கலந்தேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கரண்டியால் நிறத்தை ஊற்றி, அச்சைத் தூக்க வேண்டும். தூக்கும்போது கை ஒரு நூல் அசைந்தாலும் நீலம் வெள்ளைக்குள் ஓடிவிடும். இன்று ஓடியது. ஈஸ்டருக்குள் முடியுமா?

பிப்ரவரி 6
காரைக்குடி டாக்டர் நரம்பு என்கிறார். மதுரையில் சோதனை எடுக்க வேண்டுமாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு
எங்கள் சபைப் போதகர் ஐயர் தாலந்து உவமையைப் பிரசங்கித்தார். எஜமான் வேலைக்காரர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துப் பணத்தை ஒப்படைத்துப் போகிறார். ஒன்றை வாங்கியவன் மண்ணில் புதைத்த இடம் வந்ததும் எனக்குத் திக்கென்றது. எனக்குப் பாட வராது. சபையில் எழுந்து ஜெபம் பண்ணச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கர்த்தர் எனக்குக் கொடுத்தது இந்தக் கைதான். அதுவும் போனால் எதைக் கொண்டு போய் அவர்முன் நிற்பேன்?

ராத்திரி வேதத்தில் யாத்திராகமம் 31. பெசலெயேலைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேவ ஆவியால் நிரப்புகிறார். எதற்கு? பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கு. ரத்தினம் பதிக்க, மரம் செதுக்க. தம்மைத் தொழும் ஆசரிப்புக் கூடாரத்துக்குக் கைவேலைக்காரனை அவரே தேடி அழைக்கிறார்! இதை வாலிபர் கூட்டத்தில் சொல்ல வேண்டும். பட்டறைக்குப் போகும் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் ஒதுங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பிப்ரவரி 10
நீலம். மறுபடியும்.

பிப்ரவரி 12
தூக்கமில்லை. மதுரைக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி 13
மகள் பட்டறைக்கு வந்து, "அப்பா, நீங்க சொல்லுங்க, நான் ஊத்துறேன்" என்றாள். சுருக்கென்றது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம் 35ஆம் அதிகாரம். பெசலெயேலுக்கும் அவனோடு வேலை செய்த அகோலியாபுக்கும் கற்றுக்கொடுக்கும் வரத்தையும் கொடுத்தார் என்றிருக்கிறது. அதே அதிகாரத்தில் பெண்கள் தங்கள் கையால் நூற்ற நூலைக் கொண்டுவருகிறார்கள். வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தேன்.

பிப்ரவரி 14
மதுரை. ஒரே கூட்டம். ரிசல்ட் செவ்வாய்க்கிழமை. திருப்பத்தூர் தாண்டும்வரை பஸ்ஸில் ஒரே ஜெபம்: கை வேண்டும் ஆண்டவரே.

பிப்ரவரி 17
அச்சை நேராகத் தூக்குவதை மகளுக்கு வாயால் சொல்லிக்கொடுக்க வரவில்லை. அவள் மணிக்கட்டை என் இடது கையால் பிடித்துத் தூக்கவைத்தேன். அடுத்ததை அவளே தூக்கினாள். நீலம் நின்றது! உலர்சிமெண்ட் தூவி, மேலே கலவை போட்டு அழுத்தினோம். அடியிலுள்ள கண்ணாடி கழன்றால்தான் கல்லின் முகம் நன்றாகத் தெரியும். அவளுக்கு அதுவரை பொறுமை இல்லை, ஐயரிடம் சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 18
முதல் பஸ்ஸுக்கே மதுரை கிளம்புகிறேன். மஞ்சள் நிறம் தீரப்போகிறது, திரும்பும்போது வாங்க வேண்டும். அவளுக்கு ஓரக் கல்லுக்கான அச்சை எடுத்து வைத்தாயிற்று.