ஒன்பது பக்கக் கட்டுரைக்கு பதினேழு கேள்வி

ஒரு இலக்கியப் பத்திரிகைல என்னோட கட்டுரை வந்ததுல இருந்து நாலஞ்சு பேரு கேட்டுட்டே இருக்காங்க, எப்படி அனுப்புன, அங்க யாரைத் தெரியும், என்னென்ன கேட்டாங்கன்னு. எனக்கு யாரையும் தெரியாது. பாம்பன்ல வீடு, ராமேஸ்வரத்துல ஒரு ஜெராக்ஸ் கடைல டைப்பிங் வேலை. அனுப்புனதுல இருந்து புக்கு கைக்கு வர்ற வரைக்கும் என்ன நடக்கும்னு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவோ உதவியா இருந்திருக்கும், அதான் எழுதுறேன்.

அந்தப் பத்திரிகைல போடுறது கதையும் கிடையாது, நியூஸும் கிடையாது. கிரியேட்டிவ் நான்ஃபிக்‌ஷன்னு சொல்றாங்க, தமிழ்ல அபுனைவு, அல்புனைவுன்னு ஆளாளுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க. 1993ல அமெரிக்காவுல லீ குட்கைண்ட்னு ஒருத்தர் இந்த வகை எழுத்துக்குன்னே அந்தப் பேர்லயே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சிருக்காரு. கதை மாதிரியே காட்சி வைக்கலாம், பேச்சு வைக்கலாம், கடைசில நடந்ததை முதல்ல சொல்லலாம், ஆனா நடக்காததை நடந்ததா எழுதக்கூடாது. படிக்கும்போது இது என்ன பெரிய விஷயம்னுதான் நினைச்சேன்.

எங்கம்மா பாசிக்குப் போறவங்க. மன்னார் வளைகுடா தீவுகள் பக்கம் வள்ளத்துல போயி முங்கி பாசி எடுக்குற பொம்பளைங்க எங்க ஊர்ப்பக்கம் நிறைய பேரு இருக்காங்க. நான் எழுதுனது அம்மாவைப் பத்தி, நடுவுல அப்பத்தா சொன்ன 1964 புயல் ஒரு ரெண்டு பக்கம். 2024 ஐப்பசில அனுப்புனேன். அனுப்புறது சுலபம்தான், யூனிகோட்ல அடிச்ச வேர்டு ஃபைல், மெயில்ல நாலு வரி, அவ்ளோதான். கடைல பழக்கதோஷத்துல பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல அடிச்சு வச்சிருந்ததை மாத்துனப்போ ஒற்று எல்லாம் தாறுமாறா போயி ஒரு ராத்திரி பூரா உக்காந்து சரி பண்ணுனேன், அதனால முதல்லயே யூனிகோட்ல அடிச்சிருங்க. ஒரே கட்டுரையை ஒரே நேரத்துல ரெண்டு இடத்துக்கு அனுப்பாதீங்க. பதில் வர்றதுக்கு நாலு மாசம் ஆச்சு. இந்த மாதிரி பத்திரிகை நடத்துறவங்க எல்லாம் வேற வேலைக்குப் போயிட்டு லீவு நாள்லதான் இதைப் பாக்குறாங்க, அது தெரியாம நான் வாரத்துக்கு ஒரு தடவை மெயிலைத் திறந்து திறந்து பாத்துக்கிட்டு கிடந்தேன்.

மாசி பொறந்த வாரம் பதில் வந்துச்சு. போடுறோம்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. என் ஃபைல்ல ஓரத்துல பதினேழு இடத்துல கமெண்ட் போட்டு அனுப்பியிருந்தாங்க, எல்லாமே கேள்வி.

அதுல ஒரு கேள்வி, அப்பத்தா புயல் ராத்திரியை சொல்ற இடத்துல "அமாவாசை இருட்டு"ன்னு எழுதியிருந்தேன். ஆசிரியர் ஓரத்துல, 1964 டிசம்பர் 22ந்தேதி ராத்திரி பௌர்ணமி கழிஞ்சு மூணு நாள்தான் ஆகுது, அமாவாசைன்னு சொன்னது அப்பத்தாவா நீங்களான்னு கேட்டிருந்தார். எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. சொன்னது நான்தான். அப்பத்தா இருட்டுன்னு மட்டும்தான் சொல்லிச்சு, அமாவாசை நான் அழகுக்குச் சேத்தது. அன்னைக்கு சாயங்காலமே அப்பத்தாகிட்ட போயி, அன்னைக்கு நிலா இருந்துச்சா அப்பத்தான்னு கேட்டேன். அது வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "நிலா அதுபாட்டுக்கு வானத்துல இருந்திருக்கும்டி, எங்களுக்கு எங்கிட்டு தெரிஞ்சுச்சு? அந்த மழைக்குள்ள எங்கய்யா கை எங்க இருக்குன்னு தடவித் தடவித்தான் பிடிச்சேன்"னுச்சு. இத்தனை வருசமா அந்தக் கதையைக் கேட்டிருக்கேன், அந்தக் கையைப் பத்தி ஒரு நாளும் சொன்னதில்ல. அதையே அப்படியே எழுதுனேன். அந்தக் கேள்வி வராட்டி அது அப்பத்தாவோடயே போயிருக்கும்.

தனுஷ்கோடிக்குப் போன ரயிலு கடலோட போனதைப் பத்தியும் கேட்டாங்க. ரயில்ல இருந்தவங்க எண்ணிக்கைய நான் நெட்ல பாத்து போட்டிருந்தேன், ஒரு இடத்துல 115ன்னு இருக்கும், இன்னொரு இடத்துல டிக்கெட் இல்லாம ஏறுனவங்களையும் சேத்து 200 பேருன்னு இருக்கும். எண்ணிக்கையே வேண்டாம், அப்பத்தா பாத்ததை மட்டும் வைங்கன்னாங்க. அது எனக்கும் சரின்னு பட்டுச்சு. அது பாத்தது பாம்பன் பாலம் அத்துப் போயி கெடந்ததையும், அக்கரைக்குப் போக வழியில்லாம தீவுக்குள்ளயே கெடந்த சனங்களையும்தான். கடலுக்குள்ள விழுந்து கெடந்த இரும்பு கர்டரை எடுத்துக் கட்டி 46 நாள்ல மறுபடி ரயில் விட்டாங்கல்ல, ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் சார் பாத்த வேலை, அதை அது கரைல நின்னு பாத்திருக்கு.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது அஞ்சாவது கேள்வி. அம்மா ரெண்டு நிமிசம் மூச்சடக்கி முங்குவாங்கன்னு எழுதியிருந்தேன். "நீங்க கூடப் போய்ப் பாத்தீங்களா?"ன்னு ஒரே வரி. நான் போனதே இல்ல. சின்ன வயசுல இருந்து அம்மா கருக்கல்ல போவாங்க, மதியத்துக்கு மேல உப்பு பூத்த உடம்போட வருவாங்க, நடுவுல இருக்குற அந்த நேரம் முழுக்க நான் பள்ளிக்கூடத்துலயும் கடைலயும் இருந்திருக்கேன். பாத்த மாதிரி ரெண்டு பக்கம் எழுதிட்டேன், அதுல ஒரு வரிகூட நான் பாத்தது இல்ல.

அம்மாகிட்ட சொன்னேன். "அதுக்கென்ன, வா"ன்னாங்க.

மாசிலதான் போனோம். வாடை அடங்கி தென்கடல் படுத்துக் கெடந்துச்சு. வள்ளத்துல ஏறுறதுக்கு முன்னாடி கரைல உக்காந்து அம்மா விரலுக்குத் துணி சுத்துறதை அன்னைக்குத்தான் பக்கத்துல இருந்து பாத்தேன். பழைய வேட்டித்துணியை ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு வச்சிருப்பாங்க. பெருவிரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு விரலா நுனில இருந்து அடி வரைக்கும் சுத்தி, முனையைப் பல்லால கடிச்சு இழுத்து, இன்னொரு கையாலயே முடி போடுவாங்க. வலது கைக்கு மட்டும் பக்கத்துல இருக்குற அக்கா கட்டிவிடுவாங்க, அம்மா அந்த அக்காவுக்குக் கட்டுவாங்க. பேச்சே கிடையாது, கையை நீட்டுவாங்க, அவங்க கட்டுவாங்க. பாறைல ஒட்டிக்கிட்டு இருக்குற பாசியைப் பிய்க்கும்போது துணி இல்லாட்டி விரல் கிழிஞ்சிரும். காலுக்கு ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்புல பை.

போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு எண்ணுனேன். இருபத்தி ரெண்டு தடவை முங்குனதை எழுதி வச்சேன், அதிகமா இருந்தது 38 செகண்ட். ரெண்டு நிமிசம் இல்லன்னு முதல்ல மனசு சுருங்கிருச்சு. அப்புறம் வள்ளத்துல உக்காந்து யோசிச்சுப் பாத்தா, 38 செகண்ட் முங்கி எந்திரிச்சு ஒரு மூச்சு இழுத்து மறுபடி முங்கி, இப்படி மணிக்கணக்கா ஒரு மனுசி செய்றாங்கன்னா அதுக்கு முன்னாடி என் ரெண்டு நிமிசம் என்ன பெருசு. கட்டுரைல அந்த இருபத்தி ரெண்டு எண்ணையும் வரிசையா அப்படியே குடுத்தேன். நிறைய பேரு அந்த இடத்தைத்தான் சொல்றாங்க.

திரும்பி வந்து ஃபுல்லா மாத்தி எழுதி அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். அவங்க பெருசா பள்ளிக்கூடம் போனதில்ல, ஆனா அவங்க கண்டுபிடிச்ச மாதிரி யாரும் தப்புக் கண்டுபிடிக்கல. கடற்பாசி, கடற்பாசின்னே எழுதியிருந்தேன். "எந்தப் பாசிடி?"ன்னாங்க. மரிக்கொழுந்துப் பாசி ஒண்ணு, கஞ்சிப்பாசி ஒண்ணு, கட்டக்கோரை ஒண்ணு, பக்கோடாப் பாசி ஒண்ணு. மூங்கில் மிதவைல கட்டி வளக்குறாங்களே அந்தப் பெப்சி பாசி வேற, அதைக் கொண்டுவந்த கம்பெனி பேராலயே ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். அன்னைக்கு அம்மா எடுத்தது மரிக்கொழுந்து, ஜெல்லி செய்ற அகர் எடுக்க விக்கிறது. இன்னொரு இடத்துல கச்சான் காத்து வீசுச்சுன்னு போட்டிருந்தேன், "மாசில ஏது கச்சான்?"ன்னு கேட்டு சிரிச்சிட்டாங்க. கச்சான் வந்தா தென்கடல் குமுறும், அன்னைக்கு வள்ளமே இறங்கியிருக்காது. "வறுமையின் காரணமாக"ன்னு ஒரு வரி இருந்துச்சு, அதைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "எனக்கு இந்த வேலை தெரியும், அதனால போறேன். அதைப் போடு"ன்னாங்க. அந்த வரியை எடுத்துட்டேன்.

இதுக்கு அப்புறம் வந்ததுதான் கஷ்டமான விஷயம். அந்தத் தீவுகள் இருபத்தொண்ணும் 1986ல தேசியப் பூங்கா ஆயிருச்சு. தீவுல இறங்கக்கூடாது, அந்தத் தண்ணிக்குள்ள பாசி எடுக்குறதுக்கும் கெடுபிடி இருக்கு. பாட்டன் காலத்துல இருந்து போற இடம்னு பாசி எடுக்குறவங்க சொல்லுவாங்க, பவளப்பாறை அழியுதுன்னு வனத்துறைக்காரங்க சொல்லுவாங்க, கட்டுரைல ரெண்டையும் எழுதியிருக்கேன். ஆனா நான் பேரு போட்டு, எந்தத் தீவுன்னு போட்டு, எந்த நாள்னு போட்டு எழுதுனா நாளைக்கு யாருக்காவது பிரச்சினை வந்தா அது என்னால வந்ததா இருக்கும். ஆசிரியரும் இதை போன் பண்ணியே பேசுனார், ஒரு மணி நேரத்துக்கு மேல. உண்மையை எழுதுறோம்ங்கிறதுக்காக அடுத்தவங்க பொழப்பைப் பணயம் வைக்க முடியாதுன்னு அவர் சொன்னதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. வள்ளத்துல வந்த அக்காமார் ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயி அவங்கவங்க வர்ற பகுதியைப் படிச்சுக் காட்டி கேட்டேன். ரெண்டு பேரு பேரை மாத்தச் சொன்னாங்க. ஒரு சித்தி தன்னைப் பத்தி எதுவுமே வேண்டாம்னுச்சு, அது பேசுன ரொம்ப நல்ல பேச்சு ஒண்ணு இருந்துச்சு, எடுத்துட்டேன். தீவு பேரையும் எடுத்துட்டேன். பேரை மாத்துனதை வாசிக்கிறவங்ககிட்ட மறைக்கக்கூடாதுங்கிறதால முதல் பக்கத்துலயே அதுக்கு ஒரு வரி போட்டோம்.

அம்மா மட்டும் ஒத்துக்கவே இல்ல. "எம்பேரை எதுக்கு மாத்துற, நான் என்ன களவா பண்ணேன்?"

போடுறோம்னு மெயில் வந்தது 2025 ஏப்ரல் 6, ராமநவமி, ஞாயித்துக்கிழமை. புதுப் பாலம் திறப்பு அன்னைக்கு, ஊரே போலீஸும் கூட்டமுமா இருந்துச்சு. நான் வீட்டு வாசப்படில உக்காந்து போன்ல அந்த மெயிலை மூணு தடவை படிச்சேன். அடுத்த வாரம் 15ந்தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சதும் அம்மா அக்காமார் எல்லாரும் கொஞ்ச நாளைக்கு பாசிக்குப் போறதை நிறுத்திட்டாங்க, அதனால அச்சுக்கு முன்னாடி சரிபாக்க அனுப்புற புரூஃபை அம்மாவும் நானுமா நிதானமா பாத்தோம், நான் படிக்க அவங்க கேக்க. புரூஃப்ல உங்க ஊரு பேரு, பாசி பேரு, காத்து பேரு எல்லாம் ஒரு தடவை பாத்துக்குங்க, தெரியாதவங்க அதை எழுத்துப்பிழைன்னு நினைச்சு திருத்திருவாங்க. எனக்கு "வள்ளம்" ஒரு இடத்துல "வெள்ளம்" ஆயிருந்துச்சு. சன்மானம்னு ஒரு சின்னத் தொகையும் ரெண்டு பிரதியும் அனுப்புனாங்க.

கடைசியா கேட்டது என்னைப் பத்தி மூணு வரி. கடைசிப் பக்கத்துல எழுதுனவங்களைப் பத்தி வரும்ல, அது. ஒன்பது பக்கம் எழுதுனதை விட இதுக்குத்தான் அதிக நாள் எடுத்துக்கிட்டேன். மத்தவங்களுக்கெல்லாம் காலேஜ், வந்த புத்தகம், வாங்குன விருது இருக்கும்போல. நான் டிகிரியைப் போட்டு, வேலையைப் போட்டு எழுதிப் பாத்தேன், கட்டுரை எழுதுன ஆளு வேற யாரோ மாதிரி இருந்துச்சு. அம்மா பாசி எடுக்குறவங்கன்னு போடலாம்னா இன்னொரு சிக்கல், என் பேரும் ஊரும் இருந்தா அம்மா யாருன்னு தெரிஞ்சிரும், பேரை மாத்தியும் பிரயோஜனமில்ல. ஆசிரியர்கிட்ட சொன்னேன், அம்மாகிட்டயே மறுபடி கேளுங்கன்னாரு. கேட்டேன், என்னென்ன வரலாம்னு நல்லது கெட்டது எல்லாம் சொல்லித்தான் கேட்டேன். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டே, "ரெண்டு இடத்துலயும் போடு"ன்னாங்க.

அதனால கட்டுரைல அம்மாவோட நெசப் பேரே இருக்கு. அவங்க சம்மதிச்சது அந்த ஒரு இடத்துக்குத்தான், அதனால இங்க சொல்லல. கடைசிப் பக்கத்துல வந்தது இதுதான்: "பாம்பனில் வசிக்கிறார். தட்டச்சுப் பணி. இந்தக் கட்டுரையின் பிழைகளைத் திருத்தியவர் இவருடைய அம்மா, பாசி எடுப்பவர்."

புக்கு வந்த அன்னைக்கு அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். "மரிக்கொழுந்துன்னு சேத்திருக்கலாம்"னாங்க.